தீர்ப்புக்குப் பின் திறந்த வாசல்கள்: பினாங்கில் பிழைத் தண்டனைகளை எதிர்த்த வழக்காடலின் வரலாறு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தென் மாவட்டத்தில், பழைய தோட்டப்புறங்களுக்கு நடுவே அமைந்த சிம்பாங் அம்பாட், இன்று தொழிற்பேட்டைகளும் புதிய குடியிருப்புகளும் சூழ்ந்த சிறுநகரம். அதைச் சுற்றியுள்ள பத்து காவான், வால்டோர், ஜாவி, நிபோங் திபால் முதலிய இடங்களில் 19ஆம் நூற்றாண்டில் கரும்பும், 20ஆம் நூற்றாண்டில் ரப்பரும் செம்பனையும் பயிராயின. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். இவ்வட்டாரத்தில் ஒருவர் கொலை, ஆயுதம் வைத்திருத்தல், போதைப்பொருள் கடத்தல் போன்ற பெருங்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டால், அவருடைய வழக்கு கடலைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்கும், அங்கிருந்து கோலாலம்பூருக்கும், ஒரு காலத்தில் லண்டனுக்கும் சென்றது. இன்று புத்ராஜெயாவில் முடிகிறது. அவ்வாறு தண்டிக்கப்பட்டவர் தம் தண்டனை பிழையானது என்று காட்டுவதற்கு எந்தெந்த வாசல்கள் எப்போது திறந்தன, எவை பின்னர் மூடப்பட்டன என்பது நீதிமன்றக் கட்டடங்களின் வரலாற்றைவிடக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது.

இரண்டு நூற்றாண்டுக்கும் மேலான இந்த வரலாற்றில் ஒரு போக்கு தொடர்ந்து தெரிகிறது. தண்டனையின் கடுமையைக் குறைக்க அரசும் நீதிமன்றமும் பலமுறை முன்வந்திருக்கின்றன. ஆனால் ‘குற்றவாளி’ என்ற முடிவே தவறு என்று ஒப்புக்கொள்ளும் வழியைச் சட்டம் தாமதமாகவே திறந்தது, திறந்த பின்னும் அதைக் குறுகலாகவே வைத்திருந்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல. தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றப்பட்டு முப்பது ஆண்டு சிறையில் இருக்கும் நிரபராதி, சட்டத்தின் கணக்கில் இன்னும் குற்றவாளியாகவே இருக்கிறார்.

பினாங்கு தமிழர் வரலாற்றில் தண்டனை என்னும் சொல்லுக்குத் தனி இடம் உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் கால் வைத்துச் சில ஆண்டுகளிலேயே, இந்தியாவில் தண்டிக்கப்பட்டவர்களை நாடு கடத்தி வைக்கும் இடமாகக் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்கைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1801இல் மருது சகோதரர்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டு இத்தீவுக்கு அனுப்பப்பட்டனர். அப்போது துரைசாமி பதினைந்து வயதுச் சிறுவர். அவர்களை அனுப்பும் பொறுப்பிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி, 1818இல் பினாங்கில் துரைசாமியை மீண்டும் சந்தித்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்: வயதுக்கு மீறி முதிர்ந்து தளர்ந்திருந்த அந்த மனிதர் ஊரிலுள்ளவர்களுக்கு ஒரு கடிதம் கொண்டு செல்லுமாறு கேட்டபோது, அரசு அதைத் தடை செய்திருப்பதால் மறுக்க நேர்ந்தது என்று வெல்ஷ் வருத்தத்துடன் எழுதுகிறார். தண்டிக்கப்பட்டவரின் சொல் சிறைக்கு வெளியே போகவே வழியில்லாத காலம் அது. மேல்முறையீடு என்ற கருத்துக்கே அங்கு இடமிருக்கவில்லை.

தீவில் முறையான நீதிமன்றம் 1807ஆம் ஆண்டு மார்ச் மாதம் வழங்கப்பட்ட அரச சாசனத்தின் வழியாக வந்தது. நீதி சாசனம் என்று அழைக்கப்படும் இந்த ஆவணம், இங்கிலாந்து நீதிமன்றங்களின் அதிகாரங்களைக் கொண்ட ஒரு நீதிமன்றத்தைப் பினாங்கில் அமைத்தது. 1808இல் அது செயல்படத் தொடங்கியபோது சர் எட்மண்ட் ஸ்டேன்லி அதன் முதல் நீதிபதியாக இருந்தார். தென்கிழக்காசியாவின் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் ஆங்கிலச் சட்டம் முறையாக வேரூன்றிய முதல் இடம் பினாங்கு என்பதை வரலாற்றாசிரியர்கள் பெருமையுடன் குறிப்பிடுவதுண்டு. ஆனால் ஆங்கிலச் சட்டத்துடன் அதன் பெருங்குறையும் கப்பலேறி வந்தது. பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூரி ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டால், அந்த முடிவின் உண்மையை மறுபடியும் ஆராயும் மேல்முறையீட்டு மன்றம் இங்கிலாந்திலேயே அப்போது இல்லை. சட்டக் கேள்வி எழுந்தால் மட்டும் நீதிபதி அதைச் சக நீதிபதிகளின் ஆலோசனைக்கு ஒதுக்கி வைக்கலாம். மற்றபடி எஞ்சியது அரசரின் கருணை மட்டுமே.

1800ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கெடா சுல்தானிடமிருந்து பெறப்பட்ட செபராங் பிறையில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களுக்கு வேலைக்கு வராமல் இருப்பதும் தோட்டத்தை விட்டு ஓடிப்போவதும் கூலித் தகராறு அல்ல, குற்றம். மாஜிஸ்திரேட் அதற்குச் சிறைத் தண்டனை விதிக்கலாம். 1910இல் மலாயாவுக்கான இந்திய ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வரும்வரை இந்த நிலை பல்வேறு சட்டங்களின் கீழ் தொடர்ந்தது. இத்தகைய வழக்குகளில் புகார் செய்பவர் தோட்டத் துரை, சாட்சி கங்காணி, தண்டிக்கப்படுபவர் நீதிமன்றத்தின் மொழியை அறியாத தொழிலாளி. தண்டனை முடிந்து வெளியே வருபவர் அதே தோட்டத்துக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. இந்தத் தீர்ப்புகளில் எத்தனை பிழையானவை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்கும் அமைப்பும் இருக்கவில்லை. பிழைத் தண்டனையின் வரலாறு எழுதப்படும்போது தூக்கு வழக்குகளே கண்ணில் படுகின்றன, ஆனால் ஒரு மாதச் சிறையும் பிரம்படியும் பெற்ற இந்தப் பெயரற்றவர்களே எண்ணிக்கையில் மிகுந்திருக்க வேண்டும் என்று கருதுவது நியாயமானது.

குடியேற்றத்தின் முதல் நூற்றாண்டில் மக்களுக்காக அரசை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர் ஒருவரின் நினைவு மட்டும் கல்லில் நிலைத்திருக்கிறது. 1869இல் மறைந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், மொழியியல், இனவியல் ஆய்வுகளுக்காகவும் பெயர் பெற்றவர். ஐரோப்பியர் அல்லாத மக்களின் உரிமைகளுக்காகப் பேசிய வழக்கறிஞர் என்பதால் பொதுமக்கள் நன்கொடை திரட்டி அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம், ஜார்ஜ் டவுனில் உயர் நீதிமன்றத்தின் அருகே இன்றும் நிற்கிறது. நீதி, உறுதி உள்ளிட்ட நற்பண்புகள் அதில் உருவங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன.

இங்கிலாந்தின் சட்டம் மாறுவதற்கு ஒரு வெளிப்படையான அநீதி தேவைப்பட்டது. அடோல்ஃப் பெக் என்பவர், தோற்றத்தில் தம்மை ஒத்த மற்றொருவர் செய்த மோசடிகளுக்காக 1896இலும் 1904இலும் இருமுறை தண்டிக்கப்பட்டார். உண்மைக் குற்றவாளி பிடிபட்ட பிறகு எழுந்த மக்கள் கொந்தளிப்பின் விளைவாக 1907இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அங்கு அமைந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் இதையொத்த மன்றம் உருவாக 1930களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, பினாங்கில் நீதிமன்றம் திறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே, ஜூரியால் தண்டிக்கப்பட்ட ஒருவர் தம் வழக்கின் உண்மையை மறுபடி பரிசீலிக்கக் கேட்க முடிந்தது.

மலாயாவிலிருந்து எழுந்த வழக்குகளுக்கு மேல்முறையீட்டு மன்றத்துக்கும் மேலே ஒரு மன்றம் இருந்தது. பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு என்பது பிரிட்டிஷ் பேரரசின் குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் வழக்குகளை இறுதியாக விசாரித்து மன்னருக்கு ஆலோசனை கூறிய லண்டன் அமைப்பு. குற்றவியல் வழக்குகளில் தலையிட அது பொதுவாகத் தயங்கியது. பெருத்த அநீதி நிகழ்ந்ததாகக் காட்டினால் மட்டுமே கதவு திறக்கும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே விதி வகுத்திருந்தது. அந்தக் குறுகிய கதவின் வழியாக உயிர் மீண்ட ஒரு தமிழரின் வழக்கு, இன்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் பாடமாக இருக்கிறது.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் நடந்துகொண்டிருந்த 1955ஆம் ஆண்டு ஏப்ரலில், ஜொகூரின் ரெங்கம் வட்டாரத்தில் காயமுற்று நிராதரவாகக் கிடந்த சுப்பிரமணியம் என்பவரைப் பாதுகாப்புப் படையினர் கண்டுபிடித்தனர். அவரிடமிருந்த தோல் வாரில் இருபது தோட்டாக்கள் இருந்தன. அவசரகால விதிகளின்படி அனுமதியின்றித் தோட்டா வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். தாம் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களால் பிடிக்கப்பட்டதாகவும், உயிருக்கு அஞ்சியே அவர்கள் சொன்னபடி நடந்ததாகவும் அவர் தற்காப்பு வாதம் வைத்தார். உடனடி மரண அச்சுறுத்தலுக்கு உட்பட்டுச் செய்த செயலைத் தண்டனைச் சட்டத்தின் 94ஆம் பிரிவு குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் பிடித்தவர்கள் தம்மிடம் என்ன சொன்னார்கள் என்று அவர் கூற முற்பட்டபோது, அது செவிவழிச் சாட்சியம், அதாவது பிறர் சொன்னதைச் சாட்சியாகக் கொள்ள இயலாது என்ற விதிக்கு உட்பட்டது, சொன்னவர்களையே கூண்டில் ஏற்றினால் ஒழிய ஏற்க முடியாது என்று ஜொகூர் பாரு உயர் நீதிமன்ற நீதிபதி தடுத்துவிட்டார். காட்டில் ஆயுதத்துடன் திரிந்தவர்களைச் சாட்சிக்கு அழைப்பது நடக்கக்கூடிய காரியம் அல்ல. தற்காப்பின் ஒரே ஆதாரம் அத்துடன் வாய் அடைக்கப்பட்டது. மரண தண்டனை விதிக்கப்பட்டது, மலாயா மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

1956இல் பிரிவி கவுன்சில் இந்தத் தண்டனையை நீக்கியது. தீர்ப்பை வழங்கியவர் இலங்கையைச் சேர்ந்த எல். எம். டி. டி சில்வா. ஒருவர் சொன்னது உண்மை என்று நிறுவுவதற்காக அச்சொல்லைக் கொண்டுவந்தால்தான் அது செவிவழிச் சாட்சியம். அப்படி ஒரு சொல் சொல்லப்பட்டது என்பதையும், அது கேட்டவரின் மனத்தில் என்ன அச்சத்தை உண்டாக்கியது என்பதையும் காட்டுவதற்காகக் கொண்டுவந்தால் அது ஏற்கத்தக்கது என்று அந்தத் தீர்ப்பு வரையறுத்தது. சாட்சியச் சட்டத்தின் எல்லாப் பாடநூல்களிலும் இந்த வரையறை இடம்பெறுகிறது. ஆனால் இந்த வழக்கின் வரலாற்றுப் பாடம் வேறிடத்தில் இருக்கிறது. பிழை மறைந்திருக்கவில்லை, விசாரணைக் குறிப்பின் பக்கங்களில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. அதைப் பிழை என்று காண்பதற்கு இரண்டு மன்றங்களைக் கடந்து, ஏழு கடல் தாண்டிய மூன்றாவது மன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. செல்ல முடியாதவர்களின் விசாரணைக் குறிப்புகளில் இருந்த பிழைகளை யாரும் படிக்கவில்லை.

பினாங்கின் சொந்த வழக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1969 மே கலவரத்தின்போது பிரகடனம் செய்யப்பட்ட அவசரநிலையின் பெயரால், 1975இல் பாதுகாப்பு வழக்குகளுக்கான அவசரகால விதிமுறைகள் இயற்றப்பட்டன. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை ஜூரி இன்றித் தனி நீதிபதி விசாரிக்கவும், வழக்கமான சாட்சிய விதிகளைத் தளர்த்தவும், குற்றம் நிரூபணமானால் மரண தண்டனை தவிர வேறு தண்டனைக்கு இடமில்லாமல் செய்யவும் அவை வழிவகுத்தன. 1977இல் பினாங்கு உயர் நீதிமன்றம் இந்த விதிமுறைகளின்படி பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மரண தண்டனை விதித்தபோது நாடே அதிர்ந்தது. சிறார்களுக்கான சாதாரணச் சட்டப் பாதுகாப்பை விதிமுறைகள் அகற்றிவிட்டதால் நீதிபதிக்கு வேறு வழி இருக்கவில்லை. எதிர்ப்பின் விளைவாக அச்சிறுவன் தூக்கிலிடப்படாமல் காப்பாற்றப்பட்டான். மலேசிய வழக்கறிஞர் மன்றம் இவ்விதிமுறைகளின்படி நடக்கும் வழக்குகளில் ஆஜராக வேண்டாம் என்று தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. நீதிக்காக நிற்கும் தொழிலினர் எடுத்த துணிவான முடிவு அது; ஆனால் கூண்டில் நிற்பவருக்கு வழக்கறிஞரே இல்லாமல் போகக்கூடிய முடிவும் அதுவே என்பதால், அப்போதே கருத்து வேறுபாட்டை உண்டாக்கியது.

அதே விதிமுறைகளின்படி பினாங்கில் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்த குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற தெ செங் போ என்பவரின் மேல்முறையீடு பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. குற்றவியல் வழக்குகளில் லண்டனுக்கு மேல்முறையீடு செய்யும் உரிமையை மலேசியா 1978 ஜனவரி 1ஆம் தேதியுடன் நீக்கிவிட்டிருந்தது. அதற்கு முன்னரே தொடங்கிய வழக்குகள் மட்டும் எஞ்சியிருந்தன. 1978 டிசம்பரில் டிப்ளாக் பிரபு வழங்கிய தீர்ப்பு, 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடிய பின் மாமன்னருக்கு அவசரகால விதிகளை இயற்றும் அதிகாரம் இருக்கவில்லை, எனவே 1975ஆம் ஆண்டு விதிமுறைகள் செல்லாதவை, அவற்றின்படி நடந்த விசாரணையும் விசாரணையே அல்ல என்று கூறியது. தண்டனை நீக்கப்பட்டது, மறுவிசாரணை வேண்டுமா என்று முடிவு செய்யும் பொறுப்பு மலேசிய நீதிமன்றத்துக்குத் திரும்பியது.

ஒரு மனிதரின் வழக்கு அத்துடன் ஒரு முழுச் சட்டத் தொகுதியையே அசைத்துவிட்டது. ஆனால் சில வாரங்களுக்குள் நாடாளுமன்றம் 1979ஆம் ஆண்டு அவசரகாலச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை இயற்றி, செல்லாது என்று தீர்ப்பாகியிருந்த விதிமுறைகளையும் அவற்றின் கீழ் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளையும் முன் தேதியிட்டுச் செல்லுபடியாக்கியது. 1980இல் கூட்டரசு நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. பிழைத் தண்டனையை எதிர்ப்போர் நீதிமன்றத்தில் வெல்வது மட்டும் போதாது, வென்றதைச் சட்டமன்றத்திடமிருந்து காப்பாற்றவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மலேசிய வரலாற்றில் இல்லை.

லண்டன் வாசல் மூடிய பின் நாட்டுக்குள்ளேயே படிநிலைகள் திருத்தி அமைக்கப்பட்டன. 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உருவானது. 1995 ஜனவரி முதல் ஜூரி முறை முற்றாக நீங்கியது. ஏழு பேர் கொண்ட ஜூரி தன் முடிவுக்குக் காரணம் சொல்வதில்லை. அதனால் மேல்முறையீட்டில் நீதிபதி ஜூரிக்கு வழங்கிய அறிவுரையில் பிழை தேடுவதே வழக்கறிஞரின் பணியாக இருந்தது. தனி நீதிபதி விசாரிக்கும் முறையில் எழுத்து வடிவிலான தீர்ப்புக் காரணங்கள் கிடைக்கின்றன, அவற்றை வரிக்கு வரி எதிர்த்து வாதாட முடிகிறது. இது மேல்முறையீட்டாளருக்கு நன்மையே. எனினும் எல்லா வழக்குக்கும் ஒரே நீளப் பாதை இல்லை. உயர் நீதிமன்றத்தில் தொடங்கும் பெருங்குற்ற வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தையும் கூட்டரசு நீதிமன்றத்தையும் எட்டலாம். ஆனால் கீழ் நீதிமன்றத்தில் தொடங்கும் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துடன் நின்றுவிடும், அதுவும் மாஜிஸ்திரேட் வழக்கென்றால் அங்கு செல்லவே அனுமதி பெற வேண்டும். செபராங் பிறையில் திருட்டுக் குற்றத்துக்குத் தண்டிக்கப்படும் தோட்டத்து இளைஞருக்கு உள்ள பாதை, தூக்கு வழக்கில் சிக்கியவருக்கு உள்ளதைவிடக் குறுகியது. இரு பாதைக்கும் தொடக்கம் ஒன்றே: தீர்ப்பு வந்த பதினான்கு நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

மேல்முறையீட்டின் உள்ளே இருக்கும் தடைகள் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் தெரிவதில்லை. சாட்சிகளை நேரில் கண்டவர் விசாரணை நீதிபதிதான் என்பதால், யார் சொல்வது நம்பத்தக்கது என்ற அவருடைய முடிவில் மேல் மன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை. புதிய சாட்சியம் கொண்டுவர வேண்டுமானால், அது விசாரணையின்போது கிடைத்திருக்க முடியாதது, வழக்குக்குத் தொடர்புடையது, நம்பத்தக்கது, முன்பே வந்திருந்தால் நியாயமான ஐயத்தை எழுப்பியிருக்கும் என்று எல்லாவற்றையும் காட்ட வேண்டும். இவற்றில் முதல் நிபந்தனையே ஏழைகளை வீழ்த்துகிறது. விசாரணையின்போது அக்கறையற்ற வழக்கறிஞர் தேடாமல் விட்ட சாட்சியை, பின்னர் அக்கறையுள்ள வழக்கறிஞர் தேடிக் கண்டுபிடித்தால், ‘அப்போதே தேடியிருக்கலாமே’ என்ற பதில் காத்திருக்கிறது. தீர்ப்பு நகலும் விசாரணைக் குறிப்பும் கைக்கு வருவதற்குள் குறுந்தண்டனைகள் முடிந்துவிடுவதும் உண்டு.

போதைப்பொருள் வழக்குகளில் சுமை இன்னும் கூடுதல். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம், குற்றஞ்சாட்டப்பட்டவரின் பொறுப்பிலிருந்த பொருளைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று அனுமானிக்கவும், குறிப்பிட்ட எடைக்கு மேல் இருந்தால் அவர் கடத்தல்காரர் என்று அனுமானிக்கவும் இடமளிக்கிறது. ஓர் அனுமானத்தின் மேல் மற்றோர் அனுமானத்தை ஏற்றுவது அநியாயமான சுமை என்று 1998இல் கூட்டரசு நீதிமன்றம் கூறியது. 2014இல் நாடாளுமன்றம் 37ஏ பிரிவைச் சேர்த்து இரட்டை அனுமானத்தை மீண்டும் அனுமதித்தது. 2019 ஏப்ரலில் அல்மா நுடோ அதென்சா என்ற பிலிப்பீன்ஸ் பெண்ணின் வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த கூட்டரசு நீதிமன்றம் அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்து, கடத்தல் குற்றத் தீர்ப்பை நீக்கி, போதைப்பொருள் வைத்திருந்த குற்றமாகக் குறைத்தது. நீதிமன்றம் திறப்பதும் சட்டமன்றம் மூடுவதும் மறுபடி நீதிமன்றம் திறப்பதுமாக இருபது ஆண்டுகள் சென்றன.

எல்லா மேல்முறையீடுகளும் முடிந்த பின் பிழை வெளிப்பட்டால் என்ன செய்வது என்பதே எஞ்சும் கேள்வி. மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. அநீதியைத் தடுப்பதற்கு நீதிமன்றத்துக்கு இயல்பாகவே உள்ள உள்ளார்ந்த அதிகாரத்தைக் குறிப்பிடும் கூட்டரசு நீதிமன்ற விதி 137ஐப் பற்றிக்கொண்டே வழக்கறிஞர்கள் மறுஆய்வு கேட்கிறார்கள். வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற கொள்கையால் நீதிமன்றம் இதை மிக அரிதாகவே ஏற்கிறது. புக்கிட் மெர்தாஜாம் அருகே செரோக் தோக்குனில் பிறந்த அரசியல் தலைவர் அன்வார் இப்ராஹிமின் வழக்குகள் இதன் அளவைக் காட்டுகின்றன. 2004 செப்டம்பர் 2ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் இருவர் ஒருவர் என்ற பெரும்பான்மையில் அவருடைய ஒரு தண்டனையை நீக்கியது. அது இயல்பான மேல்முறையீடு. ஆனால் அதே மாதம் மற்றொரு வழக்கில் அவர் கேட்ட மறுஆய்வு நிராகரிக்கப்பட்டது. 2015இல் உறுதியான இன்னொரு தண்டனைக்கும் 2016இல் மறுஆய்வு மறுக்கப்பட்டது. 2018 மே மாதம் அவரைச் சிறையிலிருந்து வெளிக்கொண்டுவந்தது நீதிமன்றம் அல்ல, மாமன்னரின் மன்னிப்பு.

அந்த மன்னிப்பு முறை கூட்டரசு அரசியலமைப்பின் 42ஆம் பிரிவில் உள்ளது. பினாங்கில் நிகழ்ந்த குற்றங்களுக்கு மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்குவார். சட்டத்துறைத் தலைவர், முதலமைச்சர், மேலும் மூவர் வரை கொண்ட மன்னிப்பு வாரியம் அவருக்கு ஆலோசனை சொல்லும். அரசுத் தரப்பில் குற்றம் சாட்டும் அதிகாரமும் சட்டத்துறைத் தலைவருடையதே என்பதை இங்கு மறந்துவிடக் கூடாது. வாரியத்தின் ஆலோசனைக்கான காரணங்கள் வெளியிடப்படுவதில்லை. மன்னிப்பு மறுக்கப்பட்டதை எதிர்த்து நீதிமன்றம் செல்ல இயலாது என்று 1980களின் நடுப்பகுதியில் சிம் கீ சோன் வழக்கில் அன்றைய மலேசிய உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அவ்வழக்கில் வாதாடியவர் பினாங்கில் பிறந்த கர்பால் சிங். தூக்கு மேடை வரை சென்ற பலருக்காக நாற்பது ஆண்டுகள் வாதாடி, 2014இல் சாலை விபத்தில் மறைந்த அவர், மன்னிப்பு மனுவைக்கூட நீதிமன்றத்தின் கண்ணில் படச் செய்ய முயன்றவர். தண்டிக்கப்பட்டவர் தம் குற்றமற்ற தன்மையை ஆதாரத்துடன் நிறுவும் இடமாக மன்னிப்பு வாரியம் அமைக்கப்படவில்லை. கருணை கேட்கும் இடமாகவே அமைந்தது.

இதே நிலை தமிழகத்துக்கும் தெரிந்ததே. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் கைதான பேரறிவாளனின் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜன், தாம் வாங்கிக் கொடுத்த பேட்டரிகள் எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறினார். ஆனால் 2014இல் மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது கருணை மனுவின் மீது நிகழ்ந்த தாமதத்துக்காக. 2022 மே 18ஆம் தேதி அவர் விடுதலையானது இந்திய உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அதிகாரத்தால். குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது.

நீரிணைக் குடியேற்றத்தின் மற்றொரு வாரிசான சிங்கப்பூரில் அண்மையில் ஒரு வாசல் திறந்தது. மலேசியத் தமிழரான கோபி என்பவர், தாம் கொண்டுவந்தது சாக்லேட்டுடன் கலந்த மென்மையான போதைப்பொருள் என்று நம்பியதாகக் கூறியதை உயர் நீதிமன்றம் 2017இல் ஏற்றுப் பதினைந்து ஆண்டுச் சிறையும் பத்துப் பிரம்படியும் விதித்தது. அரசுத் தரப்பின் மேல்முறையீட்டில் 2018இல் அது தூக்குத் தண்டனையானது. அறிந்தே கண்மூடியிருத்தல் என்ற கருத்து பற்றிய சட்ட விளக்கம் மற்றொரு வழக்கில் 2019இல் மாறவே, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 அக்டோபரில் தன் சொந்தத் தீர்ப்பையே நீக்கிப் பழைய தண்டனையை மீட்டது. இரண்டு ஆண்டுகள் தூக்கு வரிசையில் காத்திருந்த ஒருவர், அந்த இடைவெளியில் தூக்கிலிடப்பட்டிருந்தால் இந்தத் திருத்தத்துக்குப் பொருளே இருந்திராது. சிங்கப்பூர் பின்னர் 2022இல் இயற்றி 2024இல் நடைமுறைப்படுத்திய சட்டத்தால், மரண தண்டனைக் கைதிகள் மேல்முறையீட்டுக்குப் பின் மனு கொடுப்பதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்றாக்கியது. இங்கும் திறந்த வாசலில் புதிய தாழ் வந்துவிட்டது.

மலேசியாவின் அண்மைக்காலச் சீர்திருத்தமும் பழைய போக்கையே பின்பற்றுகிறது. 2023 ஜூலை 4ஆம் தேதி முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, முப்பது முதல் நாற்பது ஆண்டு வரையான சிறையை நீதிபதி தேர்ந்தெடுக்கலாம் என்றானது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டம், முன்பே தண்டிக்கப்பட்டிருந்த 1,020 பேர் தங்கள் தண்டனையைக் குறைக்குமாறு கூட்டரசு நீதிமன்றத்திடம் கேட்க வழி செய்தது. பல உயிர்களைக் காத்த இந்தச் சட்டம் பெரும் பாராட்டுக்குரியது. ஆனால் அது தண்டனையின் அளவை மட்டுமே தொட அனுமதித்தது. குற்றம் நிரூபணமானதா என்ற கேள்வியை அங்கு எழுப்ப முடியாது. தாம் நிரபராதி என்று கூறிவந்த கைதியும், உயிர் பிழைக்க வேண்டுமானால் குற்றவாளி என்ற தீர்ப்பை அப்படியே நிற்கவிட்டு ஆண்டுகளைக் குறைக்குமாறு கேட்க வேண்டியதாயிற்று.

பிரிட்டன் இதே பிரச்சினைக்கு ஒரு தீர்வைக் கண்டது. குண்டுவெடிப்பு வழக்குகளில் பிழையாகத் தண்டிக்கப்பட்ட, 1989இல் கில்ட்ஃபோர்டு நால்வரும் 1991இல் பர்மிங்காம் அறுவரும் ஒன்றரைப் பத்தாண்டுச் சிறைக்குப் பின் விடுவிக்கப்பட்டபோது, தன்னைத் தானே திருத்திக்கொள்ள நீதிமன்றத்தால் மட்டும் இயலாது என்பது தெளிவானது. 1997இல் பணி தொடங்கிய குற்றவியல் வழக்குகள் மறுஆய்வு ஆணையம், தண்டிக்கப்பட்டவர்களின் மனுவை விசாரித்து, ஆவணங்களைக் கேட்டுப் பெற்று, ஐயம் எழுந்தால் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பும் அதிகாரம் பெற்றது. பிழையை நிறுவும் செலவைக் கைதியின் குடும்பத்தின் மேல் சுமத்தாததே அதன் முதன்மையான பயன். ஆங்கிலச் சட்டத்தின் விதிகளை 1807 முதல் ஏற்று வந்த பினாங்கும் மலேசியாவும், அச்சட்டம் தன் பிழைகளைத் திருத்திக்கொள்ள உருவாக்கிய இந்த ஏற்பாட்டை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. பிழைத் தண்டனைக்கு இழப்பீடு வழங்கும் தனிச் சட்டமும் இங்கு இல்லை. அத்தகைய இழப்பீட்டைக் கடமையாக்கும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை.

மலேசிய நாடாளுமன்றம் சுயேச்சையான மறுஆய்வு ஆணையம் ஒன்றைச் சட்டத்தின் வழி நிறுவ வேண்டும்; புதிய சாட்சியம் கிடைத்தவர்களுக்கு, விதி 137இன் கருணையை எதிர்பார்க்காமல், உரிமையாகவே மறுஆய்வு கேட்கும் வழி எழுத்தில் வேண்டும். அதுவரை செபராங் பிறையில் குற்றஞ்சாட்டப்படுபவரின் குடும்பத்தார் தீர்ப்பு நாளிலிருந்தே பதினான்கு நாளை எண்ணத் தொடங்க வேண்டும். வழக்கு ஆவணங்களின் நகல்களைப் பத்திரப்படுத்த வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதற்காக மேல்முறையீட்டைக் கைவிடாமல், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும், 2012 முதல் செயல்படும் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையையும் அந்தப் பதினான்கு நாளுக்குள் நாட வேண்டும்.